உதடு மூடும் இடம்

மேரன் ஓல்ஸ்டட்டுக்கு முதல் படம் எட்டு வயதில்.
எனக்கும் எட்டுதான்.
பேய் வீட்டு நிலவறையில் அவள்
அம்மாவைக் கூப்பிட்டு அழுதாள்.
சாலிகிராமத்தில் ஸ்டூல்மேல் ஸ்டூல் போட்டு
மைக்குக்கு எட்டி நான் அழுதேன்.
யார் வீட்டுப் பாப்பா இது, என்றார் வரதன் சார்.
காசிமேட்டில் ஐஸ் உடைக்கிற ஏசையாவின் மகள் என்றார்கள்.
முந்நூறு ரூபாய். ஒரு ரோஸ்மில்க்.

அவள் மொழியில் அம்மாவைக் கூப்பிட்டால்
உதடு இரண்டு முறை மூடுகிறது.
நம்முடையதில் ஒருமுறை.
மிச்ச மூடலுக்கு விசும்பலில் ஒரு 'ம்' சேர்த்தேன்,
யாரும் சொல்லித் தராமல்.
அதன்பிறகு அவள் வாய் அசைந்தால்
எங்கள் வீட்டில் போன் அடிக்கும்.

பதினொன்றில் நாய்ப் படம்.
நாய்க்குக் குரல் கொடுத்தவருக்கு
என்னைவிட இருநூறு அதிகம்.
பதின்மூன்றில் அவளுக்குப் பல்லில் கம்பி,
ஒரு வருஷம் படமே இல்லை.
மினசோட்டாவில் ஒரு பல் நேராக
காசிமேட்டில் ஒரு மோதிரம் போயிற்று.

பதினைந்தில், அவள் சம்பளத்தையெல்லாம் எடுத்து
அவள் அப்பா குதிரைப் பண்ணை வாங்கிவிட்டாராம்.
கோர்ட்டுக்குப் போனாள்.
அன்று வாங்கியதை என் அப்பாவிடம் நீட்டினேன்.
எண்ணாமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.
எப்போதும் அப்படித்தான்.
அன்றுதான் அந்தப் பையைக் கவனித்தேன்.

மேரன் பேசும் தமிழ் என் தமிழ் அல்ல.
'இஸ்துகினு' வந்தால் டேக் கட்.
'மெய்யாலுமா' வந்தால் சார் கண்ணாடியைக் கழற்றுவார்.
தொண்டையிலேர்ந்து ராயபுரத்தை
இறக்கி வெச்சுட்டு வாம்மா.
செருப்போடு சேர்த்து வெளியே விட்டுப் போவேன்.
திரும்பும்போது இரண்டையும் மாட்டிக்கொள்வேன்.

ஒரே ஒரு தடவை.
விண்வெளிப் படம், இரவு பதினொன்றரை,
கப்பல் உடைந்து அவள் சுவரில் மோதுகிறாள்.
தாளில் எழுதியிருந்தது: ஆ.
என் வாயில் வந்தது:
யம்மாடி, இன்னாடா இது.
கண்ணாடித் தொப்பிக்குள் உதடு சரியாகத் தெரியவில்லை.
சார் தலையில் கைவைத்தபடி
இருக்கட்டும், தூக்கம் வருது, என்றார்.

ஞாயிறு மதியம் டிவியில் வந்தபோது
எங்கள் வரிசை வீடுகள் மொத்தமும் சிரித்தன.
வெள்ளைக்காரிக்கு இன்னா வாயி பாரேன், என்றாள்
எதிர்வீட்டு குளோரி அக்கா.
நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.
கடைசியில் பெயர்கள் ஓடுமுன்
விளம்பரம் போட்டுவிட்டார்கள்.

இந்த மார்ச்சில் புதுப் படம்.
இருபது வயதில் அவள்தான் கதாநாயகி.
போஸ்டரில் அவள் முகம் மட்டும்.
சந்தோஷமாக பஸ் ஏறினேன்.
வாய் பேசாத பெண்ணாம்.
இரண்டு மணி நேரத்தில் ஒரு சொல் கிடையாது.
மூச்சு மட்டும்தான்மா, பாதி ரேட்டு.

ஓடுகிற மூச்சு.
கட்டிலடியில் ஒளிகிற மூச்சு.
கதவைத் திறந்து யாருமில்லை என்று பார்க்கிற மூச்சு.
விசிலடிக்குதே, என்றார் சார், ஹெட்போனை அழுத்தி.
மணலியிலிருந்து காற்று திரும்பும் நாட்களில்
என் நெஞ்சு அப்படித்தான்.
சொல்லவில்லை.
இன்ஹேலரை இரண்டு முறை இழுத்துவிட்டு
மறுபடி நின்றேன்.

திரையில் பனி.
அவள் வாயிலிருந்து வெள்ளையாய் ஆவி போகிறது.
உதடு மூடவே இல்லை,
பொருத்த எதுவுமில்லை.
பன்னிரண்டு வருஷத்தில் முதல்முறை
திருத்தம் சொல்லாமல் அனுப்பினார்கள்.

கொருக்குப்பேட்டை கேட் போட்டிருந்தது.
டேங்கர் ரயில்.
கண்ணில் நீர் வரவைக்கும் அந்த வாடை.
துப்பட்டாவால் மூக்கை அடைத்து
பெட்டிகளை எண்ணினேன்,
முப்பத்தேழு வரை ஒரே பிடி.
பக்கத்து ஸ்கூட்டரில் ஒரு குழந்தை
என்னைப் பார்த்துத் தானும்
கன்னத்தை உப்பிக்கொண்டது.
கேட் தூக்கியதும்
இருவரும் ஒன்றாக விட்டோம்.